கீபோர்டின் மேல் கிடந்த துண்டு

ஜூன் 3, சனி

தண்ணீர் ஒன்பது டம்ளர். ஆவி பிடித்தது இரண்டு முறை. பேசியது நாற்பது நிமிடம். காபி இல்லை.

இப்படித்தான் தினமும் எழுத வேண்டுமாம். குரல் சிகிச்சை தரும் வைதேகி மேடம் போன வாரம் இந்த டைரியை என் கையில் திணித்து, "தொண்டைக்கு என்னென்ன செஞ்சீங்கன்னு ஒருநாள் விடாம எழுதுங்க, மாசாமாசம் நான் பாப்பேன்" என்றார். முப்பத்தொன்பது வயதில் எனக்கு வீட்டுப்பாடம். மேலே எழுதியதில் காபி விஷயம் பொய். அரை டம்ளர் குடித்தேன். அவர் பார்க்க வரும்போது இந்தப் பக்கத்தை அடுத்த பக்கத்தோடு ஒட்டிவிடுவேன்.

பிப்ரவரியில் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் நாணில் முடிச்சு. கத்திக் கத்திப் பாடியதற்குக் கடவுள் கொடுத்த பில். அதற்குப் பிறகு ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார்கள். ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகள் கெசியா அந்த மாதத்தைத் தன் வாழ்க்கையின் பொற்காலம் என்று சிநேகிதிகளிடம் சொல்லியிருக்கிறாள். கப்பலில் வேலை பார்க்கும் அவள் அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், சொல்லத் தைரியமில்லை.

இன்று ஜெபசிங் அண்ணன் வந்தார். என்னுடைய எல்லாப் பாட்டுக்கும் மெட்டுப் போட்டவர். தூத்துக்குடியில் நாங்கள் ஒரே கோயில் பாடகர் குழு (எங்கள் ஊரில் சர்ச்சும் கோயில்தான்); அவர் கீபோர்டு, நான் முன்வரிசையில் பாவாடை சட்டை. ஏழு வருடத்துக்குப் பிறகு ஆடியோ கம்பெனி ஒரு ஆல்பம் கேட்கிறது. எட்டுப் புதிய பாட்டு, ஒன்பதாவதாக என்னை நாடறிய வைத்த 'மழைக்கோட்டு' பாட்டை, மழையில் போனவனைப் பெண் ஒருத்தி கூப்பிடும் பாட்டை, திரும்பவும் பாட வேண்டும். நான் ஒரு நிபந்தனை போட்டேன்.

"அண்ணே, அஞ்சு கட்டைல பாடுனாத்தான் நான் பிரிசில்லா. அது வரலன்னா ஆல்பம் கிடையாது. பாட்டே கிடையாது. ஊருக்குப் போயி ஏதாவது ஸ்கூல்ல மியூசிக் டீச்சரா ஒக்காந்துருவேன்."

"ஏட்டி, இன்னும் பாடவே ஆரம்பிக்கல. அதுக்குள்ள எதுக்கு இந்தப் பேச்சு?"

"எனக்காக ஸ்ருதிய ஒரு இம்மிகூட எறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமெல்லாம் நமக்கு ஆகாதுட்டி. எறக்க மாட்டேன். சொன்னா சொன்னதுதான், போதுமா?"

கட்டை என்பது ஆர்மோனியக் காலத்துக் கணக்கு. எண் ஏற ஏறப் பாட்டு மேலே போகும், தொண்டைக்கு வேலை கூடும். ஐந்து கட்டை என் முகவரி. வாக்கு வாங்காமல் அவரை நம்ப முடியாது என்பதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் அன்று விடிவதற்கு முன்பே ஆராதனை. பாதிப் பேருக்குத் தொண்டையே திறந்திருக்காது. ஜெபசிங் அண்ணன் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டி, பாட்டை அரைக் கட்டை கீழே இறக்கிவிடுவார். விரல் அதே இடத்தில்தான் வாசிக்கும், சத்தம் மட்டும் கீழே வரும். சபை மொத்தமும் இந்த வருடம் தங்கள் குரல் பிரமாதம் என்று ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போகும். பதினாலு வயதில் அதைக் கண்டுபிடித்தவள் நான் ஒருத்திதான். போதகரிடம் சொல்லாமல் இருக்க எனக்குக் கால் கிலோ மக்ரூன் வாங்கித் தந்தார். நாலு கிறிஸ்துமஸ் வாங்கித் தின்றேன்.

ஜூன் 9, வெள்ளி

தண்ணீர் எட்டு. ஆவி இரண்டு. காபி இல்லை (உண்மை).

சாலிகிராமத்தில் ஸ்டுடியோ. மாடியில் இரண்டு அறை, கீழே டெய்லர் கடை. நடத்துபவன் இம்தியாஸ், சவுண்டு என்ஜினியரும் அவனே. இன்று பூஜை. எந்த ஆல்பமும் பூஜை போடாமல் தொடங்கியதில்லை என்று கம்பெனி ஆள் பூசணிக்காயோடு வந்துவிட்டார். இம்தியாஸ் பூசணிக்காய் உடைத்தான், கம்பெனி ஆள் மிக்ஸர் போர்டுக்குக் கற்பூரம் காட்டினார், ஜெபசிங் அண்ணன் கண்ணை மூடிப் பத்து நிமிடம் ஜெபம் பண்ணினார். கற்பூரம் அணைந்து இன்னொன்று ஏற்ற வேண்டியதாயிற்று. நான் மூன்றுக்கும் ஆமென் சொன்னேன். வருகிற உதவி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வரட்டும்.

ஜூன் 13, செவ்வாய்

முதல் நாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் இசைக்கு மேல் பாடிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது ஆகாது. யாராவது எனக்காக எதிரே உட்கார்ந்து வாசிக்க வேண்டும், நான் மூச்சு விடும் இடத்தில் அவரும் மூச்சு விட வேண்டும். கோயிலில் பழகிய பழக்கம். அதனால் எப்போதும் ஜெபசிங் அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீபோர்டு வாசிக்க, இந்தப் பக்கம் நான் பாடுவேன். கிட்டார், டிரம்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு வந்து சேரும்.

முதல் பாட்டின் பல்லவி தப்பித்தது. சரணத்தில் மேலே ஏறும் வரிக்கு வந்ததும் குரல் உடைந்தது. திரும்பவும் பாடினேன், உடைந்தது. ஆறு தடவை. ஏழாவது தடவை காற்று மட்டும் வந்தது. இம்தியாஸ் தலை நிமிராமல் ஏதோ ஒயரைச் சரிசெய்வதுபோல இருந்தான். ஜெபசிங் அண்ணன், "ஏசி ரொம்ப வச்சிட்டானோ" என்றார். ஏசி அணைத்துத்தான் இருந்தது.

ஜூன் 14, புதன்

தண்ணீர் எத்தனை என்று எண்ணவில்லை.

ஜூன் 16, வெள்ளி

வீட்டில் போனில் ஸ்ருதிப் பெட்டி ஆப்பை ஐந்து கட்டையில் வைத்துப் பாடிப் பார்த்தேன். வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அழுதேன். குழாய்ச் சத்தத்தில் கெசியாவுக்குக் கேட்டிருக்காது.

ஜெபசிங் அண்ணனுக்குப் போன் போட்டு, கம்பெனியிடம் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"ஒரே ஒரு வாரம் பொறுட்டி. அடுத்த புதன்கெழம வந்து ஒரு தடவ நில்லு. வரலன்னா நானே சொல்லிருதேன்."

"ஸ்ருதி எறங்காதுல்லா?"

"ஆவி பிடி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஜூன் 21, புதன்

வந்துவிட்டது.

இரண்டாவது தடவையிலேயே சரணம் முழுதும் வந்துவிட்டது. மேலே ஏறும் வரி, பழைய நாட்களைப் போல, போய் உட்கார்ந்தது. பாடி முடித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இம்தியாஸ் சிரித்தான். ஜெபசிங் அண்ணன் குனிந்து கீபோர்டைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார், அந்தத் துண்டை அதன் நெற்றியில் எண்கள் ஓடும் இடத்தில் அப்படியே போட்டுவிட்டார். தூசியாம். ஊரிலிருந்து வந்தது என்று என் கையில் கால் கிலோ மக்ரூன் கொடுத்தார். எதற்கு என்றால், "சும்மாதான்" என்றார். மனிதருக்குச் சந்தோஷத்தைக் காட்டத் தெரியாது.

வரும் வழியில் ஆட்டோக்காரர் கேட்டதற்கு இருபது ரூபாய் கூடவே கொடுத்தேன். தேவன் பெரியவர். ஆவி பிடித்ததும் உதவியிருக்கும்.

தண்ணீர் பதினொன்று.

ஜூன் 28, புதன்

இரண்டாவது பாட்டும் முடிந்தது. ஒரே மாலை.

ஜூலை 2, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, கோயிலில் திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போவோம். ஆண்கள் பக்கம் ஐந்தாம் வரிசையில் ஜெபசிங் அண்ணன் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் அவர் முழங்காலைத் தாண்டிப் போனார்கள். மனதில் குற்றம் இருந்தால் திருவிருந்து எடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வெளியே வந்ததும் கிண்டல் செய்தேன்.

"என்னண்ணே, யார் வீட்டுக் கோழியைத் திருடுனீங்க?"

"வயிறு சரியில்லட்டி" என்றார்.

அப்பத்துண்டு ஒரு நகத்தளவு இருக்கும். அதற்கா வயிறு?

ஜூலை 8, சனி

நான்கு பாட்டு முடிந்துவிட்டது. ஒரு விஷயம் எழுதி வைக்க வேண்டும். வீட்டில் ஆப்பை வைத்துப் பாடினால் ஐந்து கட்டை இன்னமும் மாட்டேன் என்கிறது. ஸ்டுடியோவில் வருகிறது. மைக் காரணமாக இருக்கலாம். நல்ல மைக் முன்னால் நின்றால் குரலுக்கும் ஒரு மரியாதை வரும். அண்ணன் எதிரே உட்கார்ந்திருப்பதும் காரணம்தான். வைதேகி மேடமும் வீட்டில் பாடிப் பார்க்கக் கூடாது என்றிருக்கிறார். இனி அந்த ஆப்பைத் தொடுவதாக இல்லை.

அந்தத் துண்டு இன்றும் கீபோர்டின் மேல்தான் கிடந்தது. துவைத்துப் போடச் சொன்னேன்.

ஜூலை 11, செவ்வாய்

மேடம் டைரி பார்த்தார். மூன்று இடத்தில் பக்கங்கள் ஏன் ஒட்டியிருக்கின்றன என்று கேட்டார். சென்னையின் ஈரக்காற்று என்றேன். தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்து, நன்றாக ஆறியிருக்கிறது என்றார். "ஆனா உயரத்துல சிரமப்படுத்தாதீங்க. கீழ ஒரு நல்ல குரல் இருக்கு உங்களுக்கு. அத யாரும் கேட்டதே இல்லையோன்னு தோணுது."

தொண்டையைப் பார்க்கச் சொன்னால் ஜோசியம் சொல்கிறார்.

ஜூலை 21, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. ஸ்டுடியோவுக்குப் பின் தெருவில் அம்மன் கோயில். குழாய் ஒலிபெருக்கியை நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். சுவரில் எவ்வளவு பஞ்சு அடைத்தும் ஆத்தாளின் குரல் உள்ளே வந்துவிடுகிறது. இம்தியாஸ் போய்ப் பேசிப் பார்த்தான். அவர்கள் ஒரு தூக்குவாளி நிறையக் கூழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கேப்பைக் கூழும் கருவாட்டுக் குழம்பும். வேலை நின்ற நேரத்தில் மூவரும் உட்கார்ந்து குடித்தோம். இன்றைக்கு இதுதான் ஆவி பிடித்தது.

நாலரை மணிக்கு ஒலிபெருக்கி நின்றது. ஆறாவது பாட்டைப் பாடி முடித்துவிட்டு வெளியே வந்தேன். அந்த நேரம் பார்த்துக் கோயில்காரர்கள் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் 'மழைக்கோட்டு' பாட்டைப் போட்டார்கள். என் குரல், இருபத்து நாலு வயதுக் குரல். எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. ஏதோ மொட்டை மாடியிலிருந்து கூப்பிடுவதைப்போல இருந்தது. இப்போது பாடிவிட்டு வந்த பாட்டு காதில் ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் இது ஒட்டவே இல்லை.

"கோயில் ஸ்பீக்கர் வேகமா ஓடுதுபோல, இல்லண்ணே?" என்றேன்.

ஜெபசிங் அண்ணன் கூழ் வாளியைக் கழுவ எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார். இம்தியாஸ், "ஆமாக்கா, அவங்க செட்டு பழசு" என்றான். இருக்கலாம். வேறென்ன இருக்க முடியும்?

ஜூலை 29, சனி

தண்ணீர் எட்டு. ஏழாவது பாட்டு முடிந்தது. கிட்டார் வாசிக்க வந்த பையன் "இந்தக் கட்டைல உங்க வாய்ஸ் செமையா இருக்குக்கா" என்றான். எந்தக் கட்டையில் இல்லை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இந்த மாதமும் அவர் திருவிருந்துக்கு எழுந்திருக்கவில்லை. இன்று கிண்டல் செய்யவில்லை. வாசலில் மக்ரூன் பொட்டலம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, சனி

எட்டுப் பாட்டும் முடிந்ததால் இம்தியாஸ் எல்லாவற்றையும் போனுக்கு அனுப்பியிருந்தான். கெசியாவிடம் போட்டுக் காட்டினேன். அம்மாவின் பாட்டைப் பாராட்டினால் அபராதம் என்று வளர்ந்த பிள்ளை. இரண்டு பாட்டை முழுதாகக் கேட்டாள். பிறகு எழுந்து போய்த் தன் கிட்டாரை எடுத்து வந்தாள்.

"எந்த ஸ்கேல்மா? அஞ்சு கட்டைதானே, எப்பவும் போல?"

"ஆமா."

வாசித்தாள். பாட்டோடு சேரவில்லை. கம்பிகளை முறுக்கிச் சரிசெய்தாள். திரும்பவும் சேரவில்லை. கிட்டாரின் கழுத்தில் கையைக் கீழே நகர்த்தினாள். சேர்ந்தது.

"இது அஞ்சு இல்லம்மா. நாலு கட்டை." அடுத்த பாட்டுக்கும் வாசித்துப் பார்த்தாள். "இதுவும் நாலு." எட்டுப் பாட்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து, இதை யாரிடமும், முக்கியமாக ஜெபசிங் மாமாவிடம், சொல்லக் கூடாது என்றேன். ஏன் என்றாள். மக்ரூன் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

தண்ணீர் எட்டு. ஆவி இரண்டு. கோயிலுக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

தண்ணீர் எட்டு. ஆவி இரண்டு.

ஆகஸ்ட் 16, புதன்

இதை எழுதாமல் இருந்தால் இந்த டைரியே பொய். எழுதிவிடுகிறேன்.

கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. இரண்டு மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கு மாத்திரையைச் சர்க்கரைக்குள் வைத்துக் கொடுப்பதுபோல என்னை நடத்தியிருக்கிறார்கள். ஜெபசிங் அண்ணனுக்கு ஏழு தடவை மெசேஜ் எழுதி ஏழு தடவையும் அழித்தேன். நிபந்தனை என்றால் நிபந்தனை. ஐந்து கட்டை வரவில்லை, எனவே ஆல்பம் இல்லை. கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதத்தையும் மனதிலேயே எழுதி முடித்துவிட்டேன்.

இன்று மாலை கெசியாவை டியூஷனில் விட்டுவிட்டுக் காரிலேயே காத்திருந்தேன். ஒரு மணி நேரம். கடிதம் அனுப்புவதற்கு முன்னால் அந்த எட்டுப் பாட்டையும் ஒரு தடவை திட்டிக்கொண்டே கேட்டுவிடலாம் என்று போட்டேன்.

என் பழைய பாட்டுகளில் ஒரு ரகசியம் உண்டு. உயரமான வரி வருவதற்கு முன்னால் தோளைத் தூக்கி ஒரு மூச்சு இழுப்பேன். வெட்டிவிடச் சொல்வேன், எந்த என்ஜினியராலும் முழுதாக வெட்ட முடிந்ததில்லை. ஜனங்களுக்கு அது ஸ்டைல். எனக்குத் தெரியும், அது பயம். பதினைந்து வருடமாக ஒவ்வொரு மேடையிலும் அந்த வரி கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கும்போதே எனக்குப் பயம் தொடங்கிவிடும். பாட்டின் மற்ற வரிகளை நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. அந்த ஒரு வரிக்காகவே பாடிக்கொண்டிருந்தேன். முடிச்சு விழுந்ததும் அதனால்தான்.

மூன்றாவது பாட்டில் உயரமான இடம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். அது வந்து போய்விட்டது. மூச்சுச் சத்தம் இல்லை. திரும்பவும் போட்டுக் கேட்டேன். இல்லை. எட்டுப் பாட்டிலும் ஒரு இடத்தில்கூட இல்லை. அந்தப் பொம்பளை தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடிக்கொண்டு போகிறாள். கீழ் வரிகளில் லேசான ஒரு கரகரப்பு. வேறு யாராவது பாடியிருந்தால், யார் இது என்று விசாரித்து வயிறெரிந்திருப்பேன்.

என் குரல்தான். நான் சந்தோஷமாக இருந்தேன். அப்படியே எழுதுகிறேன்: சந்தோஷமாக இருந்தேன், காருக்குள் அழுதேன், டியூஷன் வாட்ச்மேன் கண்ணாடியைத் தட்டி, "தண்ணி எதுனா வோணுமாமா?" என்று கேட்டார். வாங்கிக் குடித்தேன். இன்றைய கணக்கில் ஒன்பதாவது டம்ளர்.

ஆகஸ்ட் 19, சனி

கடைசிப் பாட்டு, 'மழைக்கோட்டு'. பத்தரைக்குச் சொல்லியிருந்தார்கள், நான் பத்து மணிக்கே போய்விட்டேன். இம்தியாஸ் டீ குடிக்கக் கீழே போயிருந்தான். கீபோர்டின் மேல் அந்தத் துண்டு. எடுத்து மடித்து என் தோளில் போட்டுக்கொண்டேன். கீழே சிவப்பு எழுத்தில் மைனஸ் இரண்டு என்று இருந்தது. இரண்டு படி இறக்கம், ஐந்து கட்டை நாலாகும். இந்தப் பாட்டுக்கும் அப்படியே வைத்துத் தயாராக இருந்திருக்கிறார்.

ஜெபசிங் அண்ணன் உள்ளே வந்தார். என் தோளிலிருந்த துண்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், மாட்டிக்கொண்டார், திரும்பவும் கழற்றினார்.

"பிரிசி, நான் ஒங்கிட்ட சொல்லணும்னுதான் ஒவ்வொரு நாளும்..."

"ஒக்காருங்கண்ணே. ஒரு தடவ வாசிங்க."

உட்கார்ந்தார். முதல் நாலு வரி மைக் இல்லாமலே அவர் பக்கத்தில் நின்று பாடினேன். நாலு கட்டை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பாட்டில் வரும் பெண் இப்போது மாடியிலிருந்து கூப்பிட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது. மழையில் போனவன் திரும்பி வந்து பக்கத்தில்தான் நிற்கிறான். நான் குனிந்து அந்தப் பட்டனை இன்னொரு தடவை தட்டினேன். மைனஸ் மூன்று. நாலுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரே படிதான், ஆக மூன்று கட்டை.

"ஏட்டி, இவ்வளவு எறக்குனா பாட்டு தூங்கிரும்."

"தூங்கட்டும். எழுப்புறது என் வேல."

"ஜனங்க அந்த ஒசரத்தத்தான கேப்பாங்க?"

"பழைய ரெக்கார்டு இருக்குல்லா, அதுல கேக்கட்டும். நாலு கட்டைய நீங்க வச்சீங்க. இத நான் வச்சிட்டேன். வாசிங்க."

அவர் வாசிக்கவில்லை. கட்டைகளின் மேல் கை வைத்தபடியே இருந்தார். "சொன்ன சொல்ல மீறிட்டேன்ட்டி. ரெண்டு மாசமா திருவிருந்து எடுக்கல."

"தெரியும். நானும் எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

"அன்னைக்கு ஒன் மொகத்தப் பாத்தேன். ஆறு தடவ, ஏழு தடவ. எனக்கு வேற வழி தெரியல. கோயில்ல செஞ்ச வேலையத்தான் செஞ்சேன்."

"நீங்க செஞ்சது தப்புதான்" என்றேன். சொல்ல வேண்டியிருந்தது, சொல்லிவிட்டேன். "கேட்டிருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். அதுவும் எனக்குத் தெரியும். அந்த வாக்கை ஒங்ககிட்ட வாங்கினது என் தப்பு. இப்ப திருப்பிக் குடுக்கேன், வச்சிக்கோங்க. வாசிக்கிறீங்களா, இல்ல கிட்டார்காரனக் கூப்பிடவா?"

டீ குடித்துவிட்டு மேலே வந்த இம்தியாஸ் வாசலிலேயே நின்றுவிட்டான். துண்டு என் தோளில் இருப்பதைப் பார்த்ததும் திரும்பிக் கீழே போகப் பார்த்தான். "ஓடாதடா, மைக்கப் போடு" என்றேன்.

இரண்டாவது தடவையில் பாட்டு முடிந்தது. வெளியே வந்தபோது அண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். துண்டை அவரிடமே கொடுத்தேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

டைரியை முதலிலிருந்து படித்தேன். ஒட்டிய பக்கங்களைப் பிரித்தும் படித்தேன். மக்ரூன் எழுதியிருக்கிறேன். துண்டு எழுதியிருக்கிறேன், அதுவும் இரண்டு இடத்தில். கோயில் ஸ்பீக்கர், கிட்டார்காரப் பையன், திருவிருந்து, எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. பதினாலு வயதில் அரைக் கட்டையைப் பிடித்த காது, முப்பத்தொன்பதில் முழுக் கட்டையை விட்டுவிட்டதா? விடவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எனக்கு அந்தப் பாட்டுகள் வேண்டியிருந்தன.

கம்பெனி ஆள் போன் செய்தார். 'மழைக்கோட்டு' ஏன் இவ்வளவு கீழே போய்விட்டது, தொண்டை சரியாகவில்லையா என்று கவலைப்பட்டார். சரியாகிவிட்டதால்தான் என்றேன். நாளைக்கு அவர் மனைவியைக் கேட்கச் சொல்லியிருக்கிறாராம். கேட்கட்டும்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

அவர் மனைவி மூன்று தடவை கேட்டாராம். அப்படியே இருக்கட்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அக்டோபரில் வெளியீடு.

செப்டம்பர் 3, ஞாயிறு

முதல் ஞாயிறு.

ஆண்கள் பக்கம் ஐந்தாம் வரிசைக்கு முறை வந்ததும், யாரும் முழங்காலைத் தாண்டுவதற்கு முன்பே ஜெபசிங் அண்ணன் எழுந்துவிட்டார். வரிசையில் முதல் ஆளாகப் போனார். முழங்காலில் நின்று இரண்டு கையையும் ஏந்தினார். சட்டை புதிது, பின்பக்கம் மடிப்புக்கூடப் பிரியவில்லை. திரும்பி வரும்போது பெண்கள் பக்கம் பார்க்கக் கூடாது என்ற ஒழுங்குள்ள மனிதர், இன்று பார்த்தார். எங்கள் வரிசைக்கு முறை வந்தபோது நானும் போனேன்.

வெளியே வேப்பமரத்தடியில் கையில் பொட்டலத்தோடு நின்றார்.

"இது எதுக்குண்ணே? இப்ப மறைக்கிறதுக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

"இது சும்மாட்டி. உண்மையிலேயே சும்மா."

கெசியா என் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு காருக்குப் போனாள். வீட்டுக்கு வருவதற்குள் கால் கிலோ அரைக்கால் கிலோ ஆகிவிட்டது.

தண்ணீர் ஏழு டம்ளர். ஆவி ஒரு முறை. காபி இரண்டு. மக்ரூன் நான்கு. மேடம் வியாழக்கிழமை டைரி பார்க்க வருகிறார். இந்தப் பக்கத்தை ஒட்டப்போவதில்லை.